கரு கலைந்த வீட்டுக்கு அரசு எதை முதலில் கொண்டுவர வேண்டும்: விடுப்பா, பணமா, சான்றிதழா?

2021 மார்ச் மாதம் நியூசிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டத் திருத்தத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. கருச்சிதைவு ஏற்பட்டாலோ குழந்தை இறந்து பிறந்தாலோ, தாய்க்கும் அவருடைய துணைவருக்கும் சம்பளத்துடன் மூன்று நாள் துக்க விடுப்பு. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. என் தோழி ஒருத்தி அதை எனக்கு அனுப்பி, நம் நாட்டில் இப்படி ஒரு சட்டம் எந்தக் காலத்தில் வரப்போகிறதோ என்று எழுதியிருந்தாள். அது 1961ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மூன்று நாள் அல்ல, ஆறு வாரம், சம்பளத்துடன். அவளுக்கு அது தெரியவில்லை. அந்தச் செய்தி வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பத்தொன்பதாவது வாரத்தில் கருவை இழந்து, பதினோராம் நாள் வேலைக்குத் திரும்பியிருந்த எனக்கும் தெரியாது. விடுப்புக் கடிதத்தில் 'வைரஸ் காய்ச்சல்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஒரு மாநில அரசு, அடுத்த நிதிநிலை அறிக்கையில் கருவை இழந்தவர்களுக்காக ஏதாவது ஒன்றைப் புதிதாகச் செய்ய முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எதைச் செய்யச் சொல்வது? விடுப்பை நீட்டுவதா, கணவருக்கும் விடுப்புத் தருவதா, கையில் பணம் தருவதா, ஒரு சான்றிதழா, வீடு தேடி வரும் செவிலியரா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பணமும் செவிலியரும்தான் முதலில். விடுப்புச் சட்டம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அது போய்ச் சேராத வீடுகள்தான் அதிகம்.

இது அரிதாக யாருக்கோ நடப்பது என்ற எண்ணத்தை முதலில் விலக்க வேண்டும். உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை கலைந்துபோகின்றன. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். அப்படி ஆரம்பத்தில் கலைவதில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. பப்பாளியும் இல்லை, ஸ்கூட்டரில் போனதும் இல்லை, மாமியார் வீட்டுப் படியேறியதும் இல்லை. 28 வாரத்துக்குப் பிறகு உயிரில்லாமல் பிறக்கும் குழந்தைகள் உலகில் ஆண்டுக்குச் சுமார் 19 லட்சம். நாடுகளிலேயே அதிக எண்ணிக்கை இந்தியாவில்தான்.

விடுப்பிலிருந்து தொடங்குகிறேன். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 9ஆம் பிரிவு: கருச்சிதைவோ மருத்துவக் கருக்கலைப்போ நிகழ்ந்த மறுநாளிலிருந்து ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு. அதன்பிறகும் உடல் தேறவில்லை என்றால் மேலும் ஒரு மாதம் வரை. அந்த ஆறு வாரத்துக்குள் அந்தப் பெண்ணை வேலைக்கு வைப்பதே குற்றம். விடுப்பில் இருக்கும்போது வேலையைவிட்டு நீக்கவும் கூடாது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்த ஆறு வாரம் அப்படியே இருக்கிறது. இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருப்பவர்களுக்கு அதே ஆறு வாரச் சம்பளத்தை முதலாளிக்குப் பதிலாக இ.எஸ்.ஐ. கழகமே தருகிறது.

இதில் நான் மிகவும் மதிப்பது ஒரு சொல்லை. நம் சட்டம் தானாகக் கலைந்ததையும் மருத்துவர் கலைத்ததையும் ஒரே வரியில் வைக்கிறது. நியூசிலாந்துச் சட்டம் எதிர்பாராமல் முடிந்த கர்ப்பத்துக்கு மட்டும்தான். கருவின் குறைபாடுகளைப் பார்க்கும் இருபதாவது வாரத்து அனாமலி ஸ்கேனில் குழந்தையின் மூளை வளரவில்லை என்று தெரிந்து, இரண்டு நாள் அழுது, கையெழுத்துப் போட்டுக்கொடுத்த ஒரு பெண்ணுக்கு அங்கே அந்த மூன்று நாள் கிடையாது. இங்கே ஆறு வாரம் உண்டு. நம் சட்டத்தை எழுதியவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

குறையும் இருக்கிறது. 26ஆம் வாரம் வரை நிகழ்ந்தால் அது கருச்சிதைவு, ஆறு வாரம். அதைத் தாண்டிவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது பிரசவம். இறந்து பிறந்த குழந்தையும் குழந்தையே என்று சட்டம் வரையறுத்திருப்பதால், முழு மகப்பேறு விடுப்பான 26 வாரமும் உண்டு. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். 25ஆம் வாரத்தில் வலியெடுத்துப் பெற்று இழந்தவருக்கும் 27ஆம் வாரத்தில் இழந்தவருக்கும் இடையே இருபது வார வித்தியாசம். உடலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. வியட்நாமின் 2014ஆம் ஆண்டுச் சமூகக் காப்பீட்டுச் சட்டம் இதைப் படிப்படியாக அமைத்திருந்தது: ஐந்து வாரத்துக்கு உட்பட்ட கரு என்றால் 10 நாள் வரை, 13 வாரத்துக்குள் 20 நாள், 25 வாரத்துக்குள் 40 நாள், அதற்கு மேல் 50 நாள். அந்தப் படிக்கட்டை அப்படியே எடுத்துக்கொண்டால் ஆரம்பத்தில் இழப்பவர்களுக்கு நம்மிடம் இப்போது இருப்பதும் குறைந்துவிடும். ஆறு வாரத்தை அடித்தளமாக வைத்துக்கொண்டு, இருபதாவது வாரத்துக்குமேல் ஒரு படி கூட்டினால் போதும் என்பது என் எண்ணம்.

மத்திய அரசு ஊழியர்களின் நிலை இன்னும் விசித்திரம். அவர்களுடைய விடுப்பு விதிகளில் கருச்சிதைவுக்கு 45 நாள் என்று இருக்கிறது. ஆனால் அது பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 45 நாள். தனியார் ஆலையில் வேலை செய்யும் பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் ஆறு வாரம் உண்டு. மூன்று முறை கரு தங்காமல் போன ஒரு மத்திய அரசு ஊழியர் முதல் முறையிலேயே அதைச் செலவழித்திருந்தால், அடுத்த இரண்டு முறையும் சொந்த விடுப்பில்தான் படுத்திருக்க வேண்டும். குழந்தை இறந்து பிறந்தாலோ பிறந்து 28 நாளுக்குள் இறந்தாலோ 60 நாள் சிறப்பு விடுப்பு என்று 2022 செப்டம்பரில் மத்திய அரசு ஆணையிட்டது. அது நல்ல ஆணை. 45 நாள் கணக்கையும் அதோடு திருத்தியிருக்கலாம்.

விடுப்பை நான் ஏன் முதலிடத்தில் வைக்கவில்லை? ஆறு வாரம் வேண்டுமென்றால் ஆதாரம் காட்ட வேண்டும். ஆதாரம் காட்டுவதென்றால் சொல்ல வேண்டும். நான் வேலை செய்த இடத்தில் கணக்குப் பிரிவில் ஏழு பேர், அறுவர் ஆண்கள். மூன்று மாதம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று காத்திருந்து, நான்காவது மாதத்தில் சொன்னேன். இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். ஐந்தாவது மாதத்தில் அதே மேசைக்குத் திரும்பி, கலைந்துவிட்டது என்று அறுவரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அலுவலகத்தில் யாரும் என்னை விரட்டவில்லை. ஆறு வாரம் உனக்கு உண்டு என்று யாரும் சொல்லவும் இல்லை. நியூசிலாந்தின் மூன்று நாள் நம் ஆறு வாரத்துக்கு முன் சிறியதுதான்; ஆனால் அங்கே கர்ப்பத்துக்கும் ஆதாரம் வேண்டாம், இழப்புக்கும் ஆதாரம் வேண்டாம். வாயால் சொன்னால் போதும். நம் ஆறு வாரத்தில் முதல் மூன்று நாளையாவது அப்படித் தரலாம். மருத்துவச் சீட்டைப் பிறகு வாங்கிக்கொள்ளட்டும்.

வாய் திறந்து சொன்னாலும் எல்லோருக்கும் கிடைத்துவிடாது. என் நாத்தனார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை செய்கிறார். பீஸ் ரேட். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை. இ.எஸ்.ஐ. எண் கிடையாது. பத்தாவது வாரத்தில் அவருக்குக் கலைந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையில் கர்ப்பப்பையைக் கழுவிவிட்டு வந்து, வியாழக்கிழமை ஓவர்லாக் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். நாப்கினுக்குள் பழைய வேட்டித் துணியையும் மடித்து வைத்துக்கொண்டு போனதாகச் சொன்னார். அந்த வாரம் ஆர்டர் அனுப்பும் வாரம். சட்டப்படி அவரை அன்று வேலைக்கு வைத்தது தவறு என்று நான் சொன்னபோது, வேலைக்கு வைக்காமல் இருந்திருந்தால் வாடகை யார் கொடுத்திருப்பார்கள் என்று திருப்பிக் கேட்டார். களைபறிக்கும் பெண்களுக்கும், சித்தாள் வேலைக்குப் போகிறவர்களுக்கும், வீட்டுவேலை செய்கிறவர்களுக்கும் இதே கேள்விதான். ஆறு வாரத்தை எட்டு வாரமாக்கினாலும் அவர்கள் வாழ்க்கையில் ஒரு நாளும் கூடாது.

கணவரின் விடுப்பைப் பற்றிச் சுருக்கமாக. எனக்கு ரத்தப்போக்கு நின்ற மறுநாள் காலை என் கணவர் வேலைக்குப் போனார். சட்டைப் பையில் மருந்துக்கடை ரசீது அப்படியே இருந்தது, துவைக்கும்போதுதான் எடுத்தேன். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நியூசிலாந்தில் மூன்று நாள், ஆஸ்திரேலியாவில் இரண்டு நாள் துணைவருக்கும் உண்டு. நம் நாட்டில் தனியார் துறை ஆண்களுக்குக் குழந்தை பிறந்தாலே சட்டப்படி விடுப்பு இல்லை. தன் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்புத் தரும் தமிழ்நாடு அரசு, ஆண் ஊழியர்களுக்கு இந்த மூன்று நாளைத் தர ஓர் அரசாணை போதும். செலவும் பெரிதல்ல. செய்ய வேண்டியதுதான். ஆனால் இதுவும் சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும் வீடுகளுக்கு மட்டுமே.

பணத்துக்கு வருகிறேன். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் தமிழ்நாடு அரசு ஏழைக் கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் மதிப்பில் உதவுகிறது: 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். ரொக்கத்தின் பெரும்பகுதி பிரசவத்துக்குப் பிறகு, குழந்தையின் தடுப்பூசியோடு சேர்ந்து வருவது. கர்ப்பிணிகள் சீக்கிரம் பதிவு செய்யவும், குழந்தைக்குத் தவறாமல் ஊசி போடவும் அப்படி அமைத்திருக்கிறார்கள். அதன் நியாயம் புரிகிறது. ஆனால் குழந்தை இல்லை என்றால் அடுத்த தவணைக்கும் வழி இல்லை. மத்திய அரசின் மகப்பேறு உதவியான மாத்ரு வந்தனா திட்டத்தில், கருவை இழந்தவர் அடுத்த முறை கர்ப்பமானால் புதிய பயனாளியாகக் கருதப்படுவார் என்று இருக்கிறது. அதாவது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்த உறவினர்கள் எல்லோரும் என்னிடம் சொன்ன வாக்கியமும் இதுதான்.

ஒரு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. தமிழ்நாட்டின் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களின் உதவிப் பட்டியலில் மகப்பேற்று உதவிக்குக் கீழேயே கருச்சிதைவுக்கு 3,000 ரூபாயும் இடம்பெற்றிருக்கிறது. இழப்பும் உதவிக்குரியது என்று ஏதோ ஓர் அதிகாரி எப்போதோ நினைத்திருக்கிறார். தொகைதான் போதாது. 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 336 ரூபாய். வாரத்துக்கு ஆறு நாள் வீதம் ஆறு வாரம் என்றால் 36 நாள், 12,096 ரூபாய். அலுவலகப் பெண்ணுக்குச் சட்டம் தரும் ஓய்வைக் கூலிப் பெண்ணுக்கும் தர ஆகும் குறைந்தபட்ச விலை இதுதான். 3,000 ரூபாய் அதில் ஒன்பது நாளுக்கும் எட்டாது.

பிலிப்பைன்ஸின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே கவனிக்கத்தக்கது. கருச்சிதைவுக்கு 60 நாள். எத்தனை முறை இழந்தாலும் உண்டு. சமூகப் பாதுகாப்பு நிதியில் சந்தா கட்டி வந்தால், முதலாளி என்று யாரும் இல்லாத தெருவோர வியாபாரிக்கும் அந்த உதவி கிடைக்கும். முழுவதும் முதலாளியின் பையிலிருந்து போகாததால், பெண்ணை வேலைக்கு எடுக்கவே தயங்கும் நிலையும் குறையும். நமக்குச் சந்தா முறை ஒத்துவராது என்று நினைக்கிறேன். மாதாமாதம் கட்ட மறந்தவர்கள்தான் தேவைப்படும்போது வெளியே நிற்பார்கள். அதற்குப் பதில், முத்துலட்சுமி ரெட்டி திட்டத்திலேயே ஒரு வரி சேர்க்கலாம்: கரு கலைந்தால் மீதித் தவணைகளை நிறுத்தாமல் ஒரே தவணையாகத் தாயின் கணக்கில் போடுவது. வங்கிக் கணக்கு எண் ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கிடைக்கும் பிக்மி எண் இருக்கிறது. புதிய விண்ணப்பம் எதுவும் வேண்டாம்.

பிக்மி எண்ணைப் பற்றி இன்னொன்று. எனக்குக் கலைந்து நான்கு மாதம் கழித்து, ஒரு பிற்பகல், கிராம சுகாதார செவிலியரிடமிருந்து போன் வந்தது. பிரசவமாகிவிட்டதா, என்ன குழந்தை, எந்த மருத்துவமனை என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் இருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. ஐயோ, எனக்கு யாரும் சொல்லவில்லையே அம்மா என்று அவரும் கலங்கினார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. பல ஊர்களை ஒருவராகச் சுமக்கிறவர். மருத்துவமனையில் நடந்தது அவருடைய பதிவேட்டுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். அது அன்றே வந்து சேர்ந்திருந்தால் அவர் மூன்றாம் நாள் என் வீட்டுக்கு வந்திருப்பார்.

மூன்றாம் நாள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்றுதான் எனக்குப் பால் கட்டியது. பத்தொன்பது வாரத்தில் கரு போனாலும் பால் சுரக்கும் என்று மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை. மார்பு கல்லாகிவிட்டது. ஜாக்கெட்டின் முன்பக்கம் நனைந்திருப்பதைப் பார்த்து என்ன ஏது என்று புரியாமல் குளியலறையில் நின்றேன். அம்மா வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் கடைவீதிக்குப் போய் நான்கு முழம் மல்லிகை வாங்கிவந்து, அதை மார்போடு வைத்து வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டினார். பால் வற்ற எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். அந்த வாசனையோடு இரண்டு இரவு படுத்திருந்தேன். இன்றும் கல்யாண மண்டபங்களில் மல்லிகைச் சரம் நீட்டப்பட்டால் நான் வாங்கிக்கொள்வதில்லை.

பால் சுரக்கும், சில நாளில் அடங்கிவிடும், காய்ச்சலோ துர்நாற்றமோ கட்டி கட்டியாக உதிரமோ இருந்தால் உடனே வாருங்கள், இது உங்கள் தவறல்ல. ஒரு செவிலியர் வந்து இந்த நான்கு செய்தியைச் சொல்லி, ரத்தசோகை பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துப் போக அரை மணி நேரம் ஆகும். ஒரு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை வந்து, தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாயா என்று கேட்டு, தேவைப்பட்டால் 14416 என்ற அரசின் மனநல எண்ணைக் கொடுத்துப் போக இன்னொரு அரை மணி நேரம். பிரசவித்த தாயைப் பார்க்க வீடு வரும் ஏற்பாடு தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதில் இழந்த தாயையும் சேர்த்தால் போதும்.

சான்றிதழ் விஷயத்தில்தான் நான் முன்னும் பின்னும் ஊசலாடுகிறேன். பிரிட்டனில் 2020 ஏப்ரலில் வந்த சட்டம் குழந்தையை இழந்த பெற்றோருக்கு இரண்டு வார விடுப்புத் தந்தது. ஆனால் 24 வாரத்துக்கு முன் இழந்தவர்களுக்கு அதில் இடமில்லை. அந்த மனக்குறை கேட்கப்பட்டு, 2024 பிப்ரவரியில் இங்கிலாந்தில் குழந்தை இழப்புச் சான்றிதழ் வந்தது. விரும்பினால் வாங்கலாம், கட்டணமில்லை, பெயரும் எழுதலாம். நம் நாட்டில் 28 வாரத்துக்குப் பிறகு இறந்து பிறந்தால் மட்டுமே பதிவு உண்டு. அதற்குக் குறைந்தால் அரசின் எந்த ஏட்டிலும் அப்படி ஒரு குழந்தை இல்லை.

இதைக் கேட்கலாமா? எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே ஒரு தாளை உருவாக்கினால், நாளைக்கு எல்லா உதவிக்கும் அந்தத் தாளைக் கொண்டுவா என்பார்கள். கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணிடம் அது ஏன் இல்லை என்று கேட்பார்கள். பெண் பார்க்க வரும் வீட்டார், விவாகரத்து வழக்கு வக்கீல் என்று அது யார் யார் கைக்குப் போகுமோ. இவ்வளவும் தெரிந்தும், என் பீரோவில் இருக்கும் ஸ்கேன் படத்தை எடுக்கும்போது மனம் மாறிவிடுகிறது. அது ரசீது அடிக்கும் தாளைப் போன்ற ஒன்றில் அச்சானது. ஆண்டுக்கு ஆண்டு மங்குகிறது. முன்பு நெற்றியும் மூக்கும் தெரிந்தன. இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு மேகம்தான். அது முழுதும் வெளுத்துவிட்டால் என்னிடம் எதுவும் இருக்காது. ஆகவே, கேட்பவருக்கு மட்டும், கேட்பவர் கையில் மட்டும், வேறெந்த உதவிக்கும் நிபந்தனையாகாமல் தருவதென்றால் வேண்டும் என்பேன். ஆனால் கூலியிழந்த பெண்ணின் 12,000 ரூபாய்க்கு முன்னால் அல்ல.

மருத்துவமனைப் படுக்கையை நான் பட்டியலில் தனியாகச் சேர்க்கவில்லை, ஏனென்றால் அதற்கு நிதிநிலை அறிக்கை வேண்டாம். பிரசவ வார்டில், பிறந்த குழந்தைகளின் அழுகைக்கு நடுவே என்னைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்துப் படுக்கைக்கு வந்த பாட்டி எனக்கும் சர்க்கரை கொடுத்தார். அவருக்குத் தெரியாது. ஒரு திரையும், வார்டின் மறுகோடியில் ஒரு கட்டிலும் இருந்திருந்தால் போதும். சுற்றறிக்கை ஒன்றிலேயே முடிந்துவிடும் காரியம்.

அரசு எதைத் தேர்ந்தெடுக்கும் என்று காத்திருக்க முடியாதவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். இந்த வாரம் உங்கள் வீட்டில் இது நடந்திருந்தால், மருத்துவமனையைவிட்டு வருமுன் டிஸ்சார்ஜ் சீட்டில் எத்தனை வாரம், எந்தத் தேதி என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. இ.எஸ்.ஐ. எண் இருந்தால் ஆறு வாரத்துக்கு மனு போடுங்கள். நல வாரிய அட்டை இருந்தால் அந்த 3,000 ரூபாயை விடாதீர்கள். செவிலியரின் எண் உங்கள் போனில் இருக்கும். வீட்டில் யாரையாவது அவரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். விடுப்புக் கடிதத்தில் காய்ச்சல் என்று எழுதாதீர்கள்.